ப்ராஜெக்ட் கடையும் பட்டறைக் கதவும்

(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன் ஒருவன்)



இந்த மலருக்கு ஒரு கவிதை கொடுக்கலாம் என்றுதான் பேரவை அறைக்குப் போனேன். "காதல் கவிதை மட்டும் பதினேழு வந்திருக்குடா, வேற ஏதாச்சும் உருப்படியா எழுது" என்று செயலர் விரட்டிவிட்டார். ஆகவே எல்லோருக்கும் தெரிந்த, ஆனால் யாரும் வெளியே பேசாத ஒரு விஷயத்தை எழுதுகிறேன். கோபம் வருகிறவர்களுக்கு வரட்டும்.

இறுதியாண்டு ப்ராஜெக்டை நம்மில் எத்தனை பேர் நாமே செய்கிறோம்? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் ஒரு கடை. போனால் லிஸ்ட் நீட்டுவார்கள். மிதிவண்டியால் இயங்கும் பம்ப், தானியங்கி ஜாக்கி, சோலார் புல்வெட்டி... எது வேண்டும்? ரிப்போர்ட் புத்தகம், வைவாவில் கேட்கும் கேள்வி, பதில் எல்லாம் சேர்த்து ஒரே விலை. பேட்சுக்கு ஒன்பதாயிரம். பெயிண்ட் நிறம் மட்டும் நம் விருப்பம்! போன வருஷம் சீனியர்கள் காட்டிய அதே மெஷினை இந்த வருஷம் பச்சை அடித்துப் பார்த்தேன். அதே பல்சக்கரத்தில் அதே ஒரு பல் உடைந்திருந்தது.

நாங்களும் அந்த மாடிப்படி ஏறினவர்கள்தான். அட்வான்ஸ் ஆயிரம் ரூபாய் கையில் இருந்தது. கடைக்காரர் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். காத்திருந்த அரை மணி நேரத்தில் என் நண்பன் சொன்னான், "ஏண்டா, எங்கப்பா பட்டறையை வச்சுக்கிட்டு இங்க வந்து நிக்கறமே, வெக்கமா இல்ல?" அந்த ஒரு வார்த்தைதான். கீழே இறங்கிவிட்டோம்.

அவன் அப்பாவின் பட்டறை நாமக்கல் போகிற சாலையில் இருக்கிறது. கேட், கிராதி, டிராக்டர் டிரெய்லர், எப்போதாவது லாரி பாடி ரிப்பேர். இந்தப் பக்கத்தில் லாரிக்குப் பாடி கட்டுவதும், கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டுவதும் ஊரே அறிந்த தொழில். ஆனால் சேஸிஸ் என்பது கம்பெனியிலிருந்து வருவது. அதன் மேல் கட்டுவதுதான் நம் ஆட்களின் வேலை. "சேஸிஸையே செய்யப் போறோம் மாமா, மேடு பள்ளத்துல ஓடற பக்கி" என்றதும் அவர் சிரிக்கவில்லை. "ஆள் உக்காந்து ஓட்டறதா? இல்ல, காட்டறதுக்கு மட்டுமா?" என்று கேட்டார். ஓட்டுவதற்கு என்றோம். "அப்பச் செரி. அப்பன்னா என் பேச்சைக் கேக்கோணும்" என்றார்.

பக்கி ஒன்றும் புது சமாச்சாரம் இல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியாக் கடற்கரை மணலில் பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் அடித்தட்டை வெட்டிக் குட்டையாக்கி ஓட்டியவர்களில் தொடங்கியது. 1964-ல் புரூஸ் மேயர்ஸ் என்பவர் கண்ணாடியிழையில் உடல் செய்து ஒரு பக்கி கட்டினார். 1967-ல் மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா பாலைவனத்தில் பெரிய பந்தயமே தொடங்கிவிட்டது. அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு 1976-ல் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கான போட்டி ஆரம்பமானது. நம் நாட்டுக்கு 2007-ல் வந்தது, மத்தியப் பிரதேசத்தில் பீதம்பூரில் நடக்கிறது. அந்தப் போட்டிக்கு நாங்கள் போகவில்லை. ஆனால் அதன் விதிப் புத்தகத்தைப் பிரிண்ட் எடுத்துப் பட்டறைச் சுவரில் தொங்கவிட்டோம். ஆள் தலைக்கு மேல் வரும் கூண்டுக்கு எந்தக் குழாய் போட வேண்டும் என்று அதில் கறாராக எழுதியிருக்கிறது: வெளிவிட்டம் 25.4 மி.மீ., சுவர் 3 மி.மீ., எஃகில் கார்பன் 0.18 சதவிகிதத்துக்குக் குறையக் கூடாது. வேறு அளவு போட்டால், வளைவை எதிர்க்கும் விறைப்பிலும் பலத்திலும் அதற்குச் சமம் என்று கணக்குக் காட்ட வேண்டும்.

முதல் சண்டை இந்தக் குழாயில்தான் வந்தது. எங்களில் ஒருவன், "எதுக்குடா இவ்வளவு செலவு? தண்ணி பைப் போட்டா பாதி விலைதான்" என்றான். ஹார்டுவேர் கடையில் ஒரு இன்ச் ஜி.ஐ. பைப் ஒரு துண்டு வாங்கியும் வந்துவிட்டான். வெர்னியர் வைத்துப் பார்த்தால் 33 மி.மீ.க்கு மேல் காட்டுகிறது! தண்ணீர்க் குழாயின் ஒரு இன்ச் என்பது உள்துளையை ஒட்டிய பெயர், வெளியே 33.7 மி.மீ. இருக்கும் என்று அன்றுதான் எங்கள் மண்டையில் ஏறியது. மாமா அந்தத் துண்டை வாங்கி ஓரமாக எறிந்தார். "இதைப் பத்த வச்சா சாயங்காலம் குளிர் காய்ச்சல் வரும் கண்ணு." சும்மா சொல்லவில்லை. மேலே பூசியிருக்கும் துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்துவிடும். எஃகு உருகவோ 1500 டிகிரி வரை போக வேண்டும். ஆகவே வெல்டு விழுமுன் துத்தநாகம் வெள்ளைப் புகையாகி மூக்குக்குள் போய்விடும். ஒரு டம்ளர் பால் குடித்தால் சரியாகிவிடும் என்பது பட்டறை நம்பிக்கை. பால் போகிற வழி வேறு, புகை போகிற வழி வேறு, நண்பர்களே.

இரண்டாவது சண்டை எனக்கும் நண்பனுக்கும். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கட்டுரையை எழுதத் தோன்றியதே இதனால்தான்.

நான் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் நல்ல மார்க் வாங்கினவன். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 25.4 மி.மீ. விட்டம், 3 மி.மீ. சுவர் என்றால் நிலைமத் திருப்புத்திறன் சுமார் 13,480 மி.மீ.⁴, ஒரு மீட்டர் எடை 1.66 கிலோ. அதையே 31.75 மி.மீ. விட்டம், 1.65 மி.மீ. சுவர் என்று மாற்றினால் 17,720 வருகிறது. எடையோ மீட்டருக்கு 1.22 கிலோதான்! விறைப்பு கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது, எடை கால் பங்கு குறைகிறது. எங்களுக்குத் தேவை 36 மீட்டர், அதாவது 6 மீட்டர் நீளத்தில் ஆறு குழாய். 60 கிலோ கூண்டு 44 கிலோவாகிவிடும். அதே எஃகானால் பலமும் ஒரு ஐந்து சதவிகிதம் கூடத்தான். உலகையே வென்ற மாதிரி நோட்டை நீட்டினேன்.

நண்பனுக்கு அப்போது நான்கு அரியர். நோட்டை அவன் பார்க்கக்கூட இல்லை. "ஒன்றரை மில்லி சுவரு. எங்ககிட்ட இருக்கிறது ஆர்க் செட்டு. நீ ராடை வச்சதும் பொத்துக்கும்" என்றான். நான் விடவில்லை. சரி, பார் என்று மெல்லிய குழாயில் இரண்டு துண்டு வெட்டிக் கொடுத்தான். 2.5 மி.மீ. ராடு. முதல் தீற்றலிலேயே கொட்டைப்பாக்கு அளவு ஓட்டை. கரண்டைக் குறைத்தேன், ராடு ஒட்டிக்கொண்டது. கூட்டினேன், மறுபடி ஓட்டை. அவன் வைத்தபோது ஓட்டை விழவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவனே, "நாப்பது ஜாயிண்ட்டு இருக்கு. அதுல எது உள்ளுக்குள்ள ஒட்டலைன்னு எனக்கே தெரியாது. அதுக்குள்ள நீ உக்காருவியா?" என்றான்.

என் கணக்கு தப்பில்லை. சி.ஓ.டூ வெல்டிங் மெஷினும் கை பழகிய ஆளும் இருந்தால் மெல்லிய சுவர்க் குழாய்தான் சரி. ஆனால் எந்தக் கையால், எந்த மெஷினால் செய்யப் போகிறோம் என்பது கணக்கில் வரவில்லை. அது அவன் தலையில் இருந்தது. வளைவு விறைப்பு என்று ஒன்று இருப்பது என் நோட்டில் இருந்தது. இரண்டும் ஒரே பெஞ்சில் மூன்று வருஷம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் ஒன்றோடொன்று பேசியதே இல்லை! 3 மி.மீ. சுவர்க் குழாயே வாங்கினோம்.

இன்னொரு ஆளைச் சொல்லாமல் விட்டால் பாவம். எங்கள் பேட்சில் ஒரு தோழி. குழாய் குழாயோடு சேரும் இடத்தில் மீன் வாய் மாதிரி வெட்ட வேண்டும். இடைவெளி இருந்தால் வெல்டில் நிரப்பிக்கொள்ளலாம் என்பது கேட் வேலைக்குச் சரி, இதற்கு ஆகாது. அவள் 25.4 மி.மீ. குழாயின் சுற்றளவு 79.8 மி.மீ.யைப் பன்னிரண்டு பாகமாகப் பிரித்து, ஒவ்வொரு பாகமும் 6.65 மி.மீ., வெட்டு வளைவைக் காகிதத்தில் வரைந்து கொடுத்தாள். அந்தக் காகிதத்தைக் குழாயில் சுற்றி, சாக்பீஸில் கோடு போட்டு, கிரைண்டரில் வெட்டினால் அப்படியே கவ்விப் பிடிக்கிறது. முதலாமாண்டு டிராயிங்கில் நாமெல்லாம் மனப்பாடம் பண்ணிப் பாஸான 'மேற்பரப்பு விரிப்பு' பாடம்தான் அது. மாமா அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை எனக்கு ஒரு இருவது வருஷம் முன்னால யாராச்சும் சொல்லிக் குடுத்திருந்தா எத்தனை வீல் மிச்சமாகியிருக்கும்!" என்றார். இப்போது அரை இன்ச்சிலிருந்து இரண்டு இன்ச் வரை எல்லா அளவுக்கும் அவள் வரைந்து கொடுத்த காகிதங்கள் பட்டறையில் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்குகின்றன.

ஆனால் அவளால் பட்டறைக்கு மூன்றே மூன்று ஞாயிற்றுக்கிழமைதான் வர முடிந்தது. ஊருக்கு வெளியே, இரவு பத்து மணி வரை நடக்கும் வேலை. அவள் வீட்டில் விடவில்லை. விடாததைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. இதற்குப் பிறகு வருகிறேன்.

இனி எங்கள் மானம் போன கதை. இரண்டு ஐ-பீமைக் கிடத்தி, கொத்தனார் வைத்திருக்கிற மாதிரி தண்ணீர் டியூப்பில் மட்டம் பார்த்து, அதன் மேல் ஆங்கிள் துண்டுகளை நிறுத்தி ஜிக் தயார் செய்தோம். அடிச்சட்டத்தின் குழாய்களை அதில் பிடித்து, எல்லா மூலையிலும் புள்ளி வைத்து முடித்தோம். மூலைவிட்டம் இரண்டும் ஒரு மில்லி வித்தியாசத்தில் சரியாக இருந்தது. அன்று மாமா ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார், நண்பனும் கூடப் போய்விட்டான். நமக்குத்தான் ஆர்வம் தாங்காதே! அவர்கள் வருவதற்குள் முடித்து அசத்தலாம் என்று இடது பக்கம் முழுவதையும் ஒரே மூச்சில் பற்றவைத்தோம். பிறகு வலது பக்கம். சூடு ஆறுமுன்பே கிளாம்பையும் கழற்றிவிட்டோம். காலையில் தரையில் வைத்துப் பார்த்தால் நாலு கால் நாய் மூன்று காலில் நிற்கிறது. ஒரு மூலை 11 மி.மீ. தூக்கிக்கொண்டு நின்றது.

எஃகு ஒரு மீட்டர் நீளம் 100 டிகிரி சூடானால் 1.2 மி.மீ. நீளும். பரீட்சையில் எழுதியிருக்கிறோம். உருகிய இடம் ஆறும்போது சுருங்கிப் பக்கத்தில் இருப்பதையெல்லாம் தன் பக்கம் இழுக்கும். இதைப் பட்டறையில் "வெல்டிங் இழுக்கும்" என்று இரண்டே சொல்லில் சொல்கிறார்கள். இடத்தில் ஒன்று வைத்தால் வலத்தில் ஒன்று, முன்னால் ஒன்று என்றால் பின்னால் ஒன்று என்று மாற்றி மாற்றி வைத்து, கை பொறுக்கிற சூடு வரும் வரை கிளாம்பை விடாமல் இருந்தால் ஒரு இழுப்பை இன்னொரு இழுப்பு சரிக்கட்டும். மாமா வந்தார். திட்டவில்லை. டீ வாங்கி வரச் சொன்னார். டீ குடித்துவிட்டு, "இதைச் சம்மட்டியில தட்டி நேராக்கலாம். வண்டி பார்க்க நல்லாருக்கும். ஓட ஆரம்பிச்சா அது பழைய எடத்துக்கே போகப் பாக்கும். என்ன பண்றீங்க?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டு நாள் உட்கார்ந்து நான்கு ஜாயிண்ட்டையும் வெட்டினோம். மறுபடி மூலைக்கு மூலை மாற்றி வைத்தோம். இரண்டாவது முறை ஒன்றரை மில்லி. அதை விட்டுவிட்டோம். அந்த வாரம் எனக்கு ஆர்க் அடித்துக் கண்ணில் மணல் கொட்டின மாதிரி ஒரு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. முகமூடி போடாமல் புள்ளிதானே வைக்கிறோம் என்று அலட்சியம் செய்ததற்குக் கூலி.

பின் ஷாக் அப்சார்பரை நடுக்குழாயில், எந்த ஜாயிண்ட்டும் இல்லாத இடத்தில் வைத்து வரைந்திருந்தேன். "கேட்டுக்கு ஏன் குறுக்குப் பட்டம் போடறோம்? நாலு பக்கம் இருந்தா சாயும், மூணு பக்கம் சாயாது. பாரம் வர்ற எடத்துல மூணு குழாயாச்சும் வந்து சேரோணும்" என்று மாமா அதையும் மாற்றிவிட்டார். நானும் பதிலுக்கு ஒன்று சொன்னேன். லாரி சேஸிஸில் ஏன் வெல்டிங் இல்லாமல் ரிவிட் அடிக்கிறார்கள் என்று அவர் கேட்டார். அந்தச் சட்டம் முறுக்கிக்கொண்டு நிமிர வேண்டிய ஏணி. அதில் பற்றவைத்தால் சூடு பட்ட ஓரத்தில் விரிசல் தொடங்கும், ஆகவேதான் பாடி கட்டும்போது மேல் விளிம்பில் ஓட்டையும் போடாமல், பற்றவும் வைக்காமல் யு-போல்ட்டில் பிடிக்கச் சொல்கிறார்கள் என்றேன். எங்கள் கூண்டோ முறுக்கவே கூடாத முக்கோணக் கூட்டம். அதனால் அதற்கு வெல்டிங். "ஓஹோ" என்றார். அவர் வாயிலிருந்து அந்த ஓஹோ வாங்க எனக்கு மூன்று மாதம் ஆனது.

பழைய ஆட்டோவின் இன்ஜின், மாருதி 800-ன் ஸ்டியரிங் ராக், அதன் 12 இன்ச் சக்கரங்கள் என்று மீதியெல்லாம் காயலான் கடையிலிருந்து வந்து சேர்ந்தன. அந்தக் கதை எல்லோருக்கும் ஒரே மாதிரிதான். மொத்தச் செலவு ரூ.31,000. ஆம், கடைப் ப்ராஜெக்டைவிட மூன்று மடங்குக்கு மேல்! ஆறு பேர் பங்கு போட்டோம். ஒருவன் ராத்திரி பரோட்டாக் கடையில் வேலை செய்து கொடுத்தான்.

வண்டி ஓடியதும் எல்லோருக்கும் வருகிற ஆசை எங்களுக்கும் வந்தது: கல்லூரி வாசல் வரை ஓட்டி வந்து ஒரு வீடியோ! வேண்டவே வேண்டாம் நண்பர்களே. பதிவெண் இல்லாத வண்டியைப் பொதுச் சாலையில் ஏற்றுவதே குற்றம். சொந்த ஜீப்பை வெட்டி மாற்றலாமே என்று நினைப்பவர்களும் கேளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் அபராதம், ஆறு மாதம் வரை சிறை. நாங்கள் ஓட்டியது பட்டறைக்குப் பின்னால் உள்ள கடலைக் காட்டில், அறுவடை முடிந்த பிறகு, காட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு.

வைவாவில் வெளித்தேர்வாளர் கேட்ட முதல் கேள்வி, "எந்தக் கடையில வாங்கினீங்க?" அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அன்று காலையிலிருந்து அவர் பார்த்ததெல்லாம் அப்படி. நண்பன் வெட்டி எடுத்த நான்கு பழைய ஜாயிண்ட்டுகளைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தான். எது இழுத்தது, ஏன் இழுத்தது என்று பேச்சுத் தமிழிலேயே இருபது நிமிஷம் சொன்னான். அவர் தடுக்கவில்லை. ஆனால் சினிமா மாதிரி நினைத்துவிடாதீர்கள்; கணக்கில் அவனுக்கு இன்னும் அரியர் இருக்கிறது. பட்டறை அதைத் தீர்த்துவிடவில்லை.

கடையில் வாங்குகிறவர்களை நான் திட்டுவதாக நினைக்க வேண்டாம். ஷிப்டுக்குப் போய்க்கொண்டே படிக்கிறவன் எப்போது குழாய் வெட்டுவான்? எல்லோருக்கும் பட்டறை வைத்திருக்கிற நண்பன் கிடைப்பானா? நம் கல்லூரி ஒர்க்ஷாப்பில் இரண்டு ஆர்க் செட், ஆறு லேத், ஒரு பவர் ஹாக்ஸா இருக்கின்றன. மாலை நாலரைக்குப் பூட்டு. சனி ஞாயிறு பூட்டு. அரசாங்கம் வாங்கிக் கொடுத்த மெஷின் சும்மா இருக்க, நாம் ஒன்பதாயிரத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிறோம். என் தோழி மூன்று ஞாயிறோடு நின்றதற்கும் காரணம் அந்தப் பூட்டுதான். வேலை கல்லூரிக்குள் நடந்திருந்தால், கூட ஒரு மேடம் இருந்திருந்தால், ஏழு மணி வரை இருந்துவிட்டுக் கல்லூரி பஸ்ஸில் போயிருப்பாள். வரைந்த காகிதத்தை இன்னொருவன் கையில் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்க மாட்டாள்.

பேரவைத் தேர்தலில் கலை விழாவுக்கு டி.ஜே. வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தவர்கள் உண்டு, வாங்கியும் தந்தார்கள். ஆறாம் செமஸ்டரில் வாரத்துக்கு மூன்று மாலை, ஏழு மணி வரை, ஒரு இன்ஸ்ட்ரக்டரோடு ஒர்க்ஷாப் திறந்திருக்க வேண்டும் என்று புதிய பேரவை முதல்வரிடம் எழுதிக் கொடுக்கட்டும். இன்ஸ்ட்ரக்டருக்கு அதற்கான படி கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். சும்மா இருக்கச் சொல்வது நியாயமில்லை. எங்கள் மனுவின் நகல் மெக்கானிக்கல் நோட்டீஸ் போர்டுக்குப் பக்கத்து பீரோவில் இருக்கிறது. கையெழுத்துக்கு இரண்டு பக்கம் காலியாக விட்டிருக்கிறோம்.

ஜூனியர்களுக்கு ஒரு தகவல். ஜிக் இன்னும் பட்டறையில்தான் கிடக்கிறது. மட்டம் பார்த்தது பார்த்தபடி இருக்கிறது. ஆனால் தை பிறந்தால் டிரெய்லர் ஆர்டர் வரும், அந்த ஐ-பீம் இரண்டும் எனக்கு வேணும் என்று மாமா சொல்லிவிட்டார். வருகிறவர்கள் மார்கழிக்குள் வாருங்கள். வரும்போது கண்ணாடி கொண்டு வாருங்கள். அவரிடம் இருப்பது ஒன்றுதான், அதுவும் கீறல்.